நாற்காலி காலியாக இருக்கக் கூடாது

லிஃப்ட்காரருக்கு “முடியாது” என்ற சொல் வராது. வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் ஒழுங்காக வரும். எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்ததும் “பாத்துக்கலாம்” என்று வெளியே விழும். லிஃப்ட் வேகமாகப் போவதால் தன் நாய்க்குட்டிக்குத் தலைசுற்றுகிறது, கொஞ்சம் மெதுவாக ஓட வைக்க முடியுமா என்று மேல்மாடி அம்மாள் ஒருத்தி கேட்டாள். பாத்துக்கலாம் என்றார். அதே கட்டடத்தில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல், லிஃப்ட் ஊர்ந்து வருவதற்குள் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலைத் தேடிப் போய்விடுகிறார்கள் என்று கத்தினார். அவரிடமும் பாத்துக்கலாம் என்றார். மாதக் கடைசியில் இரண்டு பேரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். லிஃப்டை அவர் தொடவே இல்லை.

மற்றபடி லிஃப்ட் பழுது பார்க்கும் தொழிலில் கெட்டிக்காரர். காவலாளி முதல் கட்டட முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவர் “லிஃப்ட்காரரே”தான். பெயர் ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், வந்தவுடன் பையைத் திறக்க மாட்டார். கதவோரம் வாயை வைத்துப் பேச்சுக் கொடுப்பார். “உள்ள யாருங்க? சாப்பிட்டாச்சா? ஒண்ணும் ஆகாது. இதோ, கொஞ்ச நேரந்தான்.” அந்தக் கொஞ்ச நேரம் சில நாள் மத்தியானத்தையே விழுங்கிவிடும். ஆனாலும் அந்தக் குரலுக்கு அடங்காத அழுகை இல்லை. வக்கீலே ஒருமுறை மாட்டிக்கொண்டு, கதவு திறந்ததும் அவரைக் கட்டிப்பிடித்துத் தேம்பினார். மறுநாள் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார், அது வேறு விஷயம்.

இப்படிப் பிறர் அழுகையை நிறுத்திப் பிழைத்த மனுஷருக்கு, கல்லூரிப் பக்கம் மட்டும் வேறொரு பெயர் இருந்தது. கண்ணீர் அங்கிள்.

கல்லூரிப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருநாள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்காராமல் நடனம் ஆடுவார்கள். எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவுக்கு அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பிடித்து வைத்தவர்கள் நன்கொடை கொடுக்க வேண்டும். உட்கார்ந்தால் போச்சு. அந்தப் பணம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் எலும்பு வார்டுக்குப் போகும். நேர்மையாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வார்டில் இருக்கும் விளையாட்டு அறை, மரக்குதிரை, சுவரில் வரைந்த ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இவர்கள் ஆடிய ஆட்டத்தில் வந்தவை. லிஃப்ட்காரரின் மகள் ஏழு வயதில் இடுப்பு வரை கட்டுப் போட்டுக்கொண்டு அந்த ஒட்டகச்சிவிங்கியைத்தான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தொடை எலும்பில் நோய். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு டாக்டர் சொல்லி, வேண்டாம் என்று இன்னொரு டாக்டர் சொல்லி, கடைசியில் கால் தப்பித்தது.

அந்த வருஷம் நன்றி சொல்ல ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று லிஃப்ட்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைப் பிடித்தார், “என் பொண்ணு” என்றார், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். அரங்கமே அழுதது. அழுதுகொண்டே எல்லாரும் பைக்குள் கையை விட்டார்கள். வசூலைக் காட்டுவதற்காகச் சுவரில் சாத்தியிருந்த, காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரியான பலகையில் சிவப்பு வண்ணம் மளமளவென்று ஏறியது. பிள்ளைகள் படித்தவர்கள்; எது நடந்தபோது எது ஏறியது என்று பார்க்கத் தெரியாதா? அடுத்த வருஷம் அவரைக் கூட்டிவர வாசலுக்குக் கார் வந்தது.

அதிலிருந்து வருஷா வருஷம் அவர் மேடையேறினார். அழுவது நிகழ்ச்சிநிரலிலேயே இருந்தது. ‘நான்கு மணி: உருக்கம். நான்கேகால்: பிஸ்கட்.’ அதற்கென்று உருக்கக் குழு என்று ஒன்றையும் அமைத்திருந்தார்கள். பலூன் குழு, தண்ணீர்க் குழு, உற்சாகக் குழு, உற்சாகக் குழு சோர்ந்துபோனால் அதை உற்சாகப்படுத்த ஒரு குழு என்று இருந்த இடத்தில் இது ஒன்றும் அதிகமில்லை.

உள்ளதைச் சொல்வதென்றால், லிஃப்ட்காரருக்கும் அது பிடித்திருந்தது. வருஷம் முழுக்க கிரீஸ் கையோடு இருட்டுக் குழிக்குள் நிற்கிற மனுஷன். ஒருநாள் வெள்ளைச் சட்டை, ஒரு மேடை, தான் பேசினால் மூக்கைச் சிந்துகிற கூட்டம் என்றால் யாருக்குக் கசக்கும்?

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. மகள் குணமாகிக்கொண்டே போனாள். தாங்கு கட்டையை விட்டாள், காலில் மாட்டியிருந்த கம்பியை விட்டாள், நொண்டலையும் மெல்ல மெல்ல விட்டாள். அவள் குணமாகக் குணமாக அப்பாவின் கண்ணில் ஈரம் வற்றியது. பழைய நாள்களை எவ்வளவு நினைத்தாலும், “சரி, இப்பத்தான் நல்லாயிட்டாளே” என்று மனசு பாட்டுக்குச் சமாதானமாகிவிட்டது. போன வருஷம் மேடையில் நின்று முக்கிப் பார்த்தார், முனகிப் பார்த்தார். வழியில்லாமல், அதற்கு முந்தின மாதம் திருட்டுப்போன தன் பைக்கை நினைத்துக்கொண்டார். தாரை தாரையாகக் கொட்டியது. “அதோட சத்தம் இன்னும் என் காதுலயே இருக்கு” என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டார். பிள்ளை வலியில் முனகிய சத்தம் என்று நினைத்துக் கூட்டம் உருகிப்போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற அவள், கண் சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் ஏமாறுகிறவள் அல்ல. “புள்ளைக்கு அழுறதா நெனச்சு ஊரே காசு குடுத்துச்சு. நீங்க பைக்குக்கு அழுதீங்களா?” என்றாள். அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பேனா நின்றது. அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

இந்த வருஷம், நடனத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மாணவர் தலைவனும் உருக்கப் பொறுப்பாளரும் வீட்டுக்கே வந்தார்கள். தலைவன் கழுத்தில் விசில் தொங்கியது. ஆட்டத்தன்று யாராவது உட்கார்ந்தால் ஊதுவதற்கான விசில். பதவி கிடைத்த நாளிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. உருக்கப் பொறுப்பாளர் மென்மையான பெண். எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொல்வாள்.

“அங்கிள், போன வருஷம் நம்ம நட்சத்திரம், உங்க பொண்ணு, மேடைக்கு நடந்து வந்தாளே, அந்த நடை எல்லார் மனசையும் தொட்டிருச்சு. அது இன்னும் இருக்கா?”

“எது, நொண்டலா?” என்றார் லிஃப்ட்காரர்.

“ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க அங்கிள். அந்த நடை.”

அவர் பதில் தேடுவதற்குள் மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது. லிஃப்ட்காரரின் மகள் லிஃப்டில் ஏறுவதில்லை. ஒவ்வொரு படியாகத் தாண்டாமல், இரண்டிரண்டாகத் தாண்டி வந்து கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். பதின்மூன்று வயது. முழங்காலில் புதிதாக ஒரு சிராய்ப்பு. முகமெல்லாம் மண். வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா! அண்ணா! இந்த வருஷம் நானும் ஆடலாமா?” என்று கேட்டாள் அவள். “அப்பா கிட்ட ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன். எங்க வகுப்புல ரெண்டு பேரு ஆடுறாங்க. காலேஜ்ல படிக்கிற அவங்க அண்ணன்மார் கூட சேந்து ஆடுறாங்க. நான் நல்லா ஆடுவேன். வேணும்னா இப்பவே ஆடிக் காட்டுறேன்.”

தலைவன் விசிலைத் தடவினான். “அது வந்து… பயனாளிங்க ஆடக் கூடாதுன்னு விதி இருக்கும்மா.”

“ஏன்?”

“நீ எங்க பயனாளி. உன்னால நிக்க முடியலன்னுதான் நாங்க நிக்கிறோம். நீயும் நின்னுட்டா அப்புறம் நாங்க…” வாக்கியத்தை முடிக்க வழி தெரியாமல் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவள் தலையை மறுபக்கம் சாய்த்தாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். காலில் கட்டோடு கிடந்த நாளில், வார்டு ஜன்னல் வழியாக எதிர்ச் சாலையில் ஆடிப்பாடிப் போகும் பிள்ளைகளைக் காட்டி, “நீயும் ஒருநாள் ஆடுவ” என்று அவர்தான் சொல்லியிருந்தார். அவளுக்கு அது மறக்கவில்லை.

“பாத்துக்கலாம்” என்றார் லிஃப்ட்காரர்.

அவர்களை வழியனுப்ப லிஃப்ட் வரை போனார். கதவு மூடுவதற்குள் உருக்கப் பொறுப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மரச்சாமான் கடை முதலாளி ஒருவர் புதுச் சக்கர நாற்காலி தந்திருக்கிறார், நட்சத்திரம் அதில் உட்கார்ந்தபடி மேடைக்கு வந்தால் போதும், நாலரை மணிக்கு முதலாளியே வந்து நாற்காலியோடு படம் எடுத்துக்கொள்வார், அவர் தரப்போகும் தொகையில் வார்டுக்கு இன்னொரு அறையே கட்டலாம் என்றாள்.

“அவளுக்கு இப்ப நல்லா நடக்க வருதேம்மா.”

“தெரியும் அங்கிள். ஆனா மனசளவுல இன்னும் அவ நாற்காலியிலதான இருக்கா?”

 வார்டில் இன்னொரு அறை. எத்தனை பிள்ளைகள் அந்த ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டு கிடக்கின்றன. மறுத்தால் தான் மனுஷனே இல்லை என்று பட்டது. ஒப்புக்கொண்டால் தான் அப்பனே இல்லை என்று பட்டது. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தது.

“பாத்துக்கலாம்” என்றார்.

சாப்பிடும்போது மகள் விடவில்லை. கடைசியில், உருக்கம் முடியட்டும், கடைசி ஒரு மணி நேரம் நீ ஆடு, அப்பா சொல்லிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். தட்டோடு எழுந்து அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். சக்கர நாற்காலியைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. மனைவியிடம் மட்டும், அவள் பாத்திரம் கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்ற நம்பிக்கையில் சொன்னார். அவளுக்குக் கேட்டது.

“ரெண்டு கண்ணுக்கு ரெண்டு பவர்ல கண்ணாடி மாட்டலாம். ஒரே கண்ணுக்கு ரெண்டு பவரை எப்படி மாட்டுவீங்க?” என்றாள். “அந்த நாய்க்குட்டி அம்மாவையும் வக்கீலையும் சமாளிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அவங்க ஒருநாளும் ஒரே நேரத்துல லிஃப்ட்ல ஏறல. அதனாலதான் தப்பிச்சீங்க.”

நிகழ்ச்சிக்குத் தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள். அழுகை ஒத்திகையைத்தான் குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் பார்க்கிறேனே, அது போதும் என்றாள்.

நடனத்தன்று மத்தியானம் கார் வந்தது. அப்பாவும் மகளும் விளையாட்டு அரங்கத்துக்குள் நுழைந்தபோது உள்ளே வெக்கையும் வியர்வை நாற்றமும் முகத்தில் அடித்தன. காலையில் குதித்தவர்கள் இப்போது கொடியில் காயும் துணி மாதிரி லேசாக அசைந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் நின்றபடியே தூங்கினான். அவன் தோழி அவன் கையைப் பிடித்து ஆட்டி, ஆடுகிறான் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி செருப்பில் கல் விழுந்ததென்று குனிந்தாள், விசில் பறந்தது. உற்சாகக் குழு ஒரு மூலையில் சுருண்டு கிடக்க, அதை உற்சாகப்படுத்தும் குழு அதற்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது.

மகள் சட்டென்று நின்றாள். ஆடுகிற அத்தனை பேரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தார்கள். சட்டையின் மார்பில் அவள் படம். ஏழு வயதில் வார்டில் எடுத்தது. இடுப்பு வரை கட்டு, முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு. அரங்கம் முழுக்க அந்தப் பிள்ளை சுருங்கி, விரிந்து, மடிந்து ஆடிக்கொண்டிருந்தது. எல்லாருடைய நெஞ்சிலிருந்தும் வியர்வை ஊறி அவள் நெற்றியில் இறங்கியிருந்தது.

“அப்பா,” என்றாள் மெதுவாக, “என் மூஞ்சியெல்லாம் வேர்க்குது.”

லிஃப்ட்காரர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மேடைக்குப் பின்னால் சக்கர நாற்காலி தயாராக நின்றது. கைப்பிடியில் பலூன், முதுகில் கடையின் பெயர் போட்ட பட்டுத் துணி. உருக்கப் பொறுப்பாளர் ஒரு கம்பளியையும் கையில் வைத்திருந்தாள். கால் மேல் போட்டுக்கொள்ள.

“இது யாருக்குப்பா?”

“சும்மாதாம்மா. உக்காந்துக்க.” அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “கொஞ்ச நேரந்தான். அப்புறம் ஆடலாம்.”

அவள் கத்தியிருந்தால் அவருக்குப் பரவாயில்லை. ஓடியிருந்தால் துரத்தியிருப்பார். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவரை ஒரு தடவை பார்த்தாள். போய் உட்கார்ந்தாள். கம்பளியைத் தானே வாங்கி முழங்கால் மேல் போட்டுக்கொண்டாள். அந்தச் சிராய்ப்பின் தழும்பு மறைந்தது. அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார். கூட்டம் “அச்சச்சோ” என்றது.

மைக்கைப் பிடித்தார். “என் பொண்ணு” என்றார். வழக்கமான இடம்தான். பைக்கை நினைத்தார். பைக் வரவில்லை. அதன் சிவப்பு டாங்கை நினைத்தார், பின்சீட்டுக் கிழிசலை நினைத்தார். ஒரு சொட்டுக் கூட இல்லை. பக்கவாட்டில் நின்ற பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். பிஸ்கட்டுக்கு நேரமாகிறது.

திரும்பி மகளைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு அந்த முகம் தெரியும். வார்டில் புண்ணைச் சுத்தம் பண்ணும்போதெல்லாம், “வலிக்காதும்மா, கொஞ்ச நேரந்தான்” என்று லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் சொல்கிற அதே குரலில் சொல்வார். அது பொய் என்று ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அழுவதை அப்பா பார்க்கக் கூடாது, பார்த்தால் அப்பா பாவம் என்று. இதை நர்ஸ் ஒருத்தி பிற்பாடு சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். இப்போதும் அவள் அப்படித்தான் திரும்பியிருந்தாள். இந்தத் தடவை நோய் ஒன்றும் இல்லை. கதவுக்கு வெளியே நின்று கதவை மூடிப் பிடித்துக்கொண்டிருப்பது தான்தான் என்று அவருக்கு உறைத்தது.

அப்போது அழுதார். முதல் வருஷம் அழுதது இதற்குப் பக்கத்தில் நிற்காது. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, வெள்ளைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். கூட்டம் கரைந்தது. பலகையில் சிவப்பு ஏறியது.

“போதும்,” என்றார் மைக்கில். “அழாதீங்க. அவ நல்லா இருக்கா.”

அரங்கமே விம்மியது. “பாவம், மனசு ஏத்துக்க மாட்டேங்குது” என்று முன்வரிசையில் ஒரு பேராசிரியை பக்கத்துப் பேராசிரியையின் தோளில் சாய்ந்தாள்.

“ஐயோ, நெசமாத்தாங்க சொல்றேன்! அவளுக்கு ஒண்ணும் இல்ல. மாடிப்படியில ரெண்டு ரெண்டா தாவுறா. இந்த நாற்காலியெல்லாம் பொய்!”

“பொய்யாத்தான் இருக்கணும் அங்கிள்!” என்று பின்னாலிருந்து ஒருவன் தழுதழுத்த குரலில் கத்தினான். இன்னும் நாலு பேர் வாய்விட்டு அழுதார்கள். சிவப்பு வண்ணக்காரன் ஏணி கேட்டான்.

“நான்தான் ஏமாத்தினேன்! போன வருஷம் பைக்குக்கு அழுதேன்!” என்று அலறினார் லிஃப்ட்காரர். துக்கத்தில் மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று கூட்டம் முடிவு கட்டியது. தண்ணீர்க் குழு தண்ணீரோடு ஓடி வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஊரறிய உண்மையைச் சொல்கிற மனுஷனை நம்ப ஒரு ஆள் இல்லை.

ஒரு ஆள் இருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் திரும்பியது. மகள் அப்பாவை உற்றுப் பார்த்தாள். கம்பளியை எடுத்து மடித்து நாற்காலியின் கைப்பிடியில் போட்டாள். எழுந்தாள். மேடை விளிம்பு வரை நடந்து, படியைத் தேடாமல், ஆடுகிறவர்கள் நடுவில் தொப்பென்று குதித்தாள்.

 வெடித்தது பாருங்கள் ஒரு சத்தம்! உருக்கப் பொறுப்பாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். “பாத்தீங்களா! நீங்க குடுத்தீங்க, அவ எழுந்துட்டா! நம்ம கண்ணு முன்னாடியே எழுந்துட்டா!” உண்மை பொய்யாகி, பொய் அதிசயமாகி, எல்லாமே வசூலாகிப் போனது. நின்றபடி தூங்கியவன்கூட விழித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தான். நடுவில் மகள் ஆடினாள். இனிமேல் பொய் சொல்வானேன், நன்றாக ஆடவில்லை. தாளம் ஒரு பக்கம் போக அவள் ஒரு பக்கம் போனாள். ஆனால் அந்த இரண்டு காலும் தரையில் பட்ட சத்தம் லிஃப்ட்காரருக்குத் தனியாகக் கேட்டது.

விசில் கேட்டது. தலைவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். விதி விதிதான். பயனாளி ஆடக் கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மரச்சாமான் கடை முதலாளி, கதவு அளவுக்கு ஒரு காசோலையை இரண்டு ஆள்கள் தூக்கி வர, படக்காரரோடு உள்ளே நுழைந்தார்.

“அங்கிள், அவளை வரச் சொல்லுங்க,” என்றான் தலைவன், முகமெல்லாம் வெளிறி. “நாற்காலி காலியா இருக்கக் கூடாது. அதுல பயனாளி உக்காந்திருக்கணும், படத்துக்கு. இல்லேன்னா அவர் திரும்பிப் போயிருவாரு. ஒரு ரூம் போச்சு.”

லிஃப்ட்காரர் மகளைப் பார்த்தார். அவளும் ஆட்டத்தை நிறுத்தி அவரைத்தான் பார்த்தாள். இப்போது அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி ஒரு பார்வை. தொண்டைக்குள் அந்தப் பழைய சொல் ஏறி வந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினார்.

“முடியாது,” என்றார்.

தலைவன் வாயைப் பிளந்தான்.

“அவ வர மாட்டா. பயனாளிதான வேணும்? இந்த ஆட்டத்துல அதிகமா லாபம் பாத்தது நான்தான்.” நேராகப் போய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பளியை எடுத்து முழங்கால் மேல் விரித்துக்கொண்டார். பலூன் காதில் இடித்தது. “வரச் சொல்லு உங்க முதலாளிய.”

முதலாளி வந்தார், குனிந்தார், லிஃப்ட்காரரின் கையைப் பிடித்து, “தைரியமா இருங்க” என்றார். எப்போதிலிருந்து இப்படி என்று விசாரித்தார். “பொறந்ததுலேர்ந்துங்க” என்றார் லிஃப்ட்காரர். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். இன்னொன்று, காசோலையைக் கொஞ்சம் உயர்த்தி. இன்னொன்று, கடைப் பெயர் தெரியும்படி. அப்புறம் நகரத்தில் முக்கியமானவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் வக்கீலும் இருந்தார். அவர் லிஃப்ட்காரரை அடையாளம் கண்டு திகைத்து, பின் குனிந்து காதில், “இந்த நிலைமையிலதான் மேல வந்து லிஃப்ட் ரிப்பேர் பண்ணீங்களா?” என்று நெகிழ்ந்தார். வழக்குப் போடும் எண்ணம் அவருக்கு அன்றோடு போயிற்று.

விசில் வேறு யார் மேலும் பாயவில்லை. பயனாளி உட்கார்ந்திருக்கிறார், ஆடுகிறவர்கள் ஆடுகிறார்கள், விதி நிறைவேறிவிட்டது. கடைசி மணி அடிக்கும்வரை லிஃப்ட்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்குள் மகளின் தலை மேலே வந்து வந்து போனது. சிலமுறை அவரைப் பார்த்தாள், சிலமுறை பார்க்கவில்லை.

முடிந்ததும் அவள் மேடைக்கு வந்தாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வேர்த்தது சட்டைப் படம் அல்ல, அவளுடைய சொந்த முகம்.

“போன வருஷம் நீ அம்மாகிட்ட பைக்குன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இன்னிக்கு என்னத்த நெனச்சு அழுத?” என்று கேட்டாள்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று. “உன்னத்தான்,” என்றார்.

“பைக்க இல்ல?”

“பைக்க இல்லம்மா.”

 நம்புவதா வேண்டாமா என்று அவள் அவருடைய முகத்தில் தேடினாள். பிறகு, “சரி, எந்திரி. வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

எழுந்தார். அப்படியே திரும்ப விழுந்தார். ஆட்டம் முடியும் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்ததில் ஒரு கால் மரத்துக் கட்டையாகப் போயிருந்தது. மகள் தோளைக் கொடுத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, லிஃப்ட்காரர் மேடையை விட்டு இறங்கினார். பலூன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த உருக்கப் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டாள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. “அந்த நடை…” என்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பாவம், அந்தப் பெண் பொய்யாக அழத் தெரியாதவள்.

வாசல் படிக்கு வந்தபோது மரத்த காலுக்குள் ரத்தம் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஊசி ஊசியாகக் குத்தியது. அவர் படியில் காலை வைக்க முடியாமல் நின்றார்.

“வலிக்குதாப்பா?”

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார். அவள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“வலிக்குதும்மா,” என்றார். “ரொம்ப வலிக்குது.”

“கொஞ்ச நேரந்தான்” என்று சொல்லி, அவருடைய கையைத் தன் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முதலில் படியிறங்கினாள்.